வாடி வெளியே: தேவநாதன் மாமாவின் பாட்டும் ஒரு புகழஞ்சலிக் கூட்டமும்

1

ஊரிலிருக்கும் நீங்கள் யாராவது செத்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். இங்கே அதற்கு மனு கொடுக்க வேண்டும். செத்தவர் உனக்கு யார் என்று கேட்பார்கள். சொல்லும் உறவு அவர்கள் வைத்திருக்கும் உறவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீ அழுவதற்குக் காரணமே இல்லை.

2011 ஜூன் மாதம். பாரீஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் தின்று வைத்த தட்டுகளைச் சுரண்டி இயந்திரத்துக்குள் தள்ளுவதுதான் என் வேலை. மதியம் போன் அடித்தது. கடலூர் முதுநகரிலிருந்து சகுந்தலா அத்தை.

"மங்கை, மாமா போயிட்டாரும்மா. காலையில காப்பி குடிச்சாரு. டம்ளர கீழ வச்சாரு. அவ்ளோதான்."

தேவநாதன் மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆடிய ஒரு நாடகக் கம்பெனிக்கு இசையமைத்தவர். அந்தக் கம்பெனியில் நான் பாடி நடித்தவள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை மாமா, அத்தை என்று கூப்பிடுவோம். அவர் மாமா ஆனதால் அவர் சம்சாரம் சகுந்தலா அத்தை ஆனார்.

கூடத்தின் மேலாளர் அம்மாளிடம் போய், ஊருக்குப் போக ஒரு வாரம் விடுமுறை வேண்டும் என்று கேட்டேன். இறந்தவர் யார் என்றாள். வாத்தியாருக்குப் பிரெஞ்சில் என்ன வார்த்தை என்று யோசித்து, என் மகள் பள்ளியில் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன்: "மேத்ர்." அந்தச் சனியன் பிடித்த மொழியில் வக்கீலையும் அப்படித்தான் சொல்வார்களாம். "உங்கள் வக்கீல் இறந்ததற்கு வருந்துகிறேன், மதாம். வேறு வக்கீல் கிடைப்பார்" என்றாள். இல்லை, மாமா என்று திருத்தினேன். மாமாவுக்கு விடுமுறை இல்லையாம். பெற்றோர், கணவன், பிள்ளை, கூடப்பிறந்தவர், அவ்வளவுதான். முறையாக ஆழ்ந்த இரங்கல் சொன்னாள். சொன்ன கையோடு, நிரம்பி வழிந்த தட்டுகளைக் காட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் என் கணவர் ரவியிடம் சொன்னேன். அவர் புதுச்சேரிக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தால் பிறக்கும்போதே பிரெஞ்சுப் பிரஜை. "யாரு, அந்த ஆர்மோனியக்காரரா?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்தார். அதுதான் அவர் செய்த அஞ்சலி. பன்னிரண்டு வயது மகள் அபிராமி, எனக்கு முன்பே மூன்று வயதில் அப்பாவோடு இங்கே வந்துவிட்டவள், யார் அது என்று பிரெஞ்சில் கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தேன். நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்மோனியக்காரர்!

2

ஊரில் இப்போது மாமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரைக் குழந்தை மனசுக்காரர் என்கிறார்கள். பொய். அவ்வளவு கெட்ட வாய் கடலூர் மாவட்டத்திலேயே வேறு யாருக்கும் கிடையாது.

முதுநகரில் ரயில்வே ஜங்ஷனை ஒட்டிய ஓட்டு வீடு அவருடையது. முன்னறையில் ஒத்திகை நடக்கும். ஒரு ஸ்வரத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்துவிட்டால் மற்ற வாத்தியார்கள் நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்த மாட்டார். கடைசிப் பெட்டி தாண்டும்வரை அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். சரக்கு ரயிலாக வந்து தொலைந்தால் உயிர் போய்விடும். ரயில் போன பிறகு ஆர்மோனியத்தை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். நான் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இல்லையென்றால் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

"தொண்டையா அது? ஒலக்க போட்டு இடிச்சா மாதிரி இருக்குது. போ, போயி அத்தகூட வெங்காயம் உரி."

எத்தனையோ நாள் நான் உரித்திருக்கிறேன். அத்தை என் கண்ணைத் துடைக்க மாட்டார். அவரும் திட்டுவார்: "வெங்காயத்துக்கு அழுவுறியா, அந்த ஆளுக்கு அழுவுறியா? அந்த ஆளுக்குன்னா வேஸ்ட்டு. நான் இருவது வருஷமா அழுது பாத்துட்டேன்."

ஆனால் அவர் போட்ட மெட்டு இருக்கிறதே! மற்ற கம்பெனிகளில் சினிமா மெட்டை எடுத்து வார்த்தையை மட்டும் மாற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிதாகப் போட்டவர் அவர். கதையில் யார் பேசுகிறார்களோ அவர்கள் பேச்சிலிருந்தே மெட்டு கிளம்பும். மாமியார் பாட்டு என்றால் மாமியார் இழுக்கும் இழுப்பு அதில் இருக்கும். போலீஸ்காரன் பாட்டு லத்தியைத் தட்டிக்கொண்டு நடக்கும். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் கைதட்ட மறந்து ஒரு விநாடி உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவரிடம் அத்தனை ஏச்சும் வாங்கினேன்.

இதைப் பிரெஞ்சில் அந்த மேலாளர் அம்மாளிடம் எப்படிச் சொல்வது? தமிழிலேயே என் கணவரிடம் சொல்ல முடியவில்லை.

3

சுனாமி வந்த பிறகு கம்பெனி முதலாளி கலியபெருமாள் ஒரு வேனில் அரிசி மூட்டை ஏற்றி, பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பங்களுக்கு எங்களை அனுப்பினார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல காரியம்தான்.

மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கரையில் ஒரு அம்மாள் தனியாக நின்று கடலைத் திட்டிக்கொண்டிருந்தார். அழுகை இல்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, தெருக்குழாயில் சண்டை போடுவதுபோல. "என் வூட்டுக்குள்ள வந்த இல்ல? இப்ப நான் உன் வாசல்ல நிக்கிறேன். வாடி! வாடி வெளிய!" மாமா போய் அவருக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"என்னாய்யா வேடிக்க பாக்குற? எம்புள்ள போனத பாக்க டிக்கெட்டா வாங்கியாந்த?"

மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் வாய் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது வேனின் முன்சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, அந்தம்மா புள்ளைய பறிகொடுத்துட்டு நிக்குது. நீங்க தாளம் போட்டுக்கிட்டு வரீங்களே, நல்லாருக்கா?"

"நான் அழுதா அதுக்கு என்னா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சது இதான். வாய மூடிக்கிட்டு வா."

அடுத்த மழைக்காலத்துக்குள் நாடகம் தயாராகிவிட்டது. பிள்ளையை இழந்த மீனவப் பெண் வேடம் எனக்கு. சோகப் பாட்டென்றால் எல்லோரும் எடுக்கும் முகாரியை அவர் தொடவில்லை. "இது அழுவுற பாட்டு இல்ல. சண்ட பாட்டு" என்று சொல்லி, வீறாப்பான அடாணா ராகத்தில் பிடித்தார்.

வாடி வெளியே, வாசல்ல நிக்கிறேன்,
என் வீட்டுக்குள்ள வந்தவளே, வாடி வெளியே!

நான் ஒவ்வொரு அடி பாடியதும் மேடையில் இருக்கும் பெண்கள் எல்லோரும் "வாடி வெளியே" என்று காலை உதைத்துச் சேர்ந்து பாட வேண்டும். சிதம்பரத்தில் முதல் நாள் ஆடியபோது குப்பத்துப் பெண்கள் கொஞ்சம் பேர் பின்வரிசையில் இருந்தார்கள். இரண்டாவது அடியில் அவர்களும் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது அடியில் மண்டபமே உதைத்தது. பக்கவாட்டில் ஆர்மோனியத்தில் இருந்த மாமாவைப் பார்த்தேன். முறைத்தார். சுருதி எங்கேயோ கொஞ்சம் விலகியிருக்க வேண்டும்.

மறுநாளே கலியபெருமாள் அரிதாரம் பூசும் அறைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தப் பாட்ட எடுத்துடணும். ஊருல பெரிய மனுஷங்க எல்லாம் வந்து சொல்றாங்க. கடலு சாமி. சாமிய வாடி போடின்னு பாடினா மறுபடி வரும்ங்கறாங்க."

"வந்தா எங்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்."

"வெளையாடாதீங்கண்ணே. நாளைக்கி மண்டபம் குடுக்க மாட்டன்னுட்டா நாடகமே இல்ல."

"பாட்டு இருந்தா நான் இருப்பேன் கலியபெருமாளு."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப உங்க இஷ்டம்."

மாமா ஆர்மோனியத்தைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அதற்கப்புறம் எந்த நாடகத்துக்கும் அவர் இசையமைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பது ஒரு பாதி. கூப்பிட்டிருந்தால் திட்டியிருப்பார் என்பது மறு பாதி. அந்தக் கலியபெருமாள் ஒரு நாள்கூட முதுநகர் பக்கம் வரவில்லை. நானும் கம்பெனியை விட்டேன். வீரமெல்லாம் இல்லை, பிரான்ஸில் இருந்த கணவரிடமும் மகளிடமும் போக நான்கு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த விசா வந்துவிட்டது.

4

மாமாவின் முதல் வருஷத் திதிக்கு 2012 ஜூலையில் அபிராமியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை யாரிடமும் உறவு சொல்லத் தேவைப்படவில்லை. பள்ளி விடுமுறை.

கடலூர் முழுக்க முந்தைய டிசம்பரில் அடித்த தானே புயலின் மிச்சம் கிடந்தது. வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து காய்ந்துபோயிருந்தன. அத்தை வீட்டில் பாதி ஓடு பறந்து, நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. சுவரில் ஒரு பெரிய வண்ணச் சுவரொட்டி: "இசைச் செம்மல் தேவநாதனார் புகழஞ்சலி விழா. இடம்: சிதம்பரம்." மாமாவின் முகத்தைச் சிவப்பாக்கி உதட்டில் சிரிப்பு வரைந்திருந்தார்கள். அடியில் கொட்டை எழுத்தில்: விழாத் தலைவர் கலியபெருமாள்.

"இத எதுக்கு அத்த சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க? கிழிச்சிப் போடுங்க."

"ஏன் கிழிக்கணும்? மொதல் வரிசையில எனக்கு சீட்டு. பட்டுச் சால்வ போத்துறாங்களாம். நான் போறேன்."

"மாமாவ வெளிய தள்ளுன ஆளு கையால சால்வயா? உங்களுக்கு ரோஷம் இல்லியா?"

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மங்கை, உனக்குக் கோவம் ஒரு சொகம். ஏரோப்ளேன்ல வந்து கோவப்பட்டுட்டு ஏரோப்ளேன்ல போயிடுவ. இந்தத் தெருவுல நான்தான இருக்கணும்? அந்த மனுஷன் யாருன்னே இந்தத் தெருவுக்குத் தெரியாது. பேண்டு வாசிக்கிறவருன்னு நெனைச்சிக்கினு இருக்குது. ஒரு நாளாவது தெரியட்டும். எவன் கையால தெரிஞ்சா என்னா?"

எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. எதிரில் இருப்பவர் நியாயம் பேசினால் எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

5

ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வடிந்து சிதம்பரம் ஓய்ந்திருந்த நேரம். தேர் ஓடும் வீதிகளில் ஒன்றில் கல்யாண மண்டபம். வாழைமரம் கட்டி, மாப்பிள்ளை வரவேற்புபோல வைத்திருந்தார்கள். மேடையில் மாமாவின் அதே சிவப்புப் படம், அதற்கு ஒரு ஆள் உயர மாலை. அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்தார். அபிராமி என் பக்கத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். அதிர்ந்து பேசாதவராம். யார் மனதையும் புண்படுத்தாதவராம். கலியபெருமாள் பேசும்போது குரல் தழுதழுத்தது: "அண்ணன் என்னை ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை." நான் காதால் கேட்டிருக்கிறேன், நாய்க்குப் பிறந்தவனே என்பதிலிருந்து மேலே.

பிறகு பாட்டு. அழகான ஒரு இளம்பெண் மைக்கைப் பிடித்தாள். பின்னால் கீபோர்டில் மணியோசையும் புல்லாங்குழலும் வந்தன. மெட்டு தெரிந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த மெட்டுதான். ஆனால் பாதி வேகத்தில், ஊதுபத்தி கொளுத்தி வைத்ததுபோல.

வாழி நீ தாயே, வாசலில் நிற்கிறேன்,
என் வீட்டைக் காப்பவளே, வாழி நீ தாயே...

மண்டபத்தில் சில பேர் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. மடியில் கிடந்த பட்டுச் சால்வையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் என் பெயரைச் சொன்னார். "பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்திருக்கும் அன்னாரின் மாணவி ரெண்டு வார்த்தை பேசுவார்." பேச மாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். கால் மேடைக்குப் போய்விட்டது.

"தேவநாதன் மாமா நல்லவர் இல்ல" என்றேன். "வாயத் தொறந்தா அசிங்கமா திட்டுவாரு. தப்பா பாடினா முதுகக் காட்டி ஒக்காந்துக்குவாரு. இப்பப் பாடினாங்களே, இந்தப் பாட்டக் கேட்டிருந்தா ஆர்மோனியத்த எடுத்து எறிஞ்சிருப்பாரு. இது கும்புடற பாட்டு இல்ல. புள்ளைய பறிகொடுத்தவ கடல சண்டைக்குக் கூப்புடற பாட்டு. இப்படிப் போவும்."

பாட ஆரம்பித்தேன். முதல் அடி முடிவதற்குள் மைக் செத்துவிட்டது. கலியபெருமாள் ஒலிபெருக்கிக்காரனுக்குக் கைகாட்டியதைப் பார்த்தேன். மைக்கை வைத்துவிட்டுப் பாடினேன். ஐந்து வருஷமாகத் தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு மேல் கத்திப் பேசிய தொண்டை. இரண்டாவது அடியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. கரகரத்து உடைந்தது. யாரோ சிரித்தார்கள்.

முதல் வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நிறுத்து மங்கை. சுருதி எறங்கிடுச்சி."

நிறுத்தினேன். அத்தை எழுந்தார். சால்வையை நாற்காலியில் போட்டார். மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதலிலிருந்து பிடித்தார்.

அத்தை பாடி நான் கேட்டதே இல்லை. யாருமே கேட்டதில்லை. மெட்டு பிறக்கும்போதெல்லாம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்த மனுஷி. குரலில் இனிமை கிடையாது. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியை இழுத்துப்போட்டுச் சண்டை போடும் குரல். மாமா இந்தப் பாட்டுக்கு என்னிடம் கேட்டுக் கேட்டு, நான் கொடுக்காத குரல் அதுதான் என்று அப்போது தெரிந்தது. "வாடி வெளியே" வரும் இடத்தில் அத்தை காலை உதைத்தார். பின்வரிசையில் ஒரு பெண் உதைத்தாள். அப்புறம் அந்தக் கைகூப்பிய கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக. நான் மேடையிலிருந்து உதைத்தேன். வாழி நீ தாயே பாடிய இளம்பெண்ணும் வெட்கத்தோடு உதைத்தாள்.

பாட்டு முடிந்தது. ஒரு விநாடி யாரும் கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள். அத்தை உட்கார்ந்து சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

6

மறுநாள் காலையில் கலியபெருமாள் முதுநகர் வீட்டுக்கு வந்தார். கடன்காரன் வருவதுபோல வாசலில் நின்றார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கதவைச் சாத்தலாமென்று நான் போனேன். அதற்குள் அத்தை, "வா தம்பி, உள்ள வா" என்று சொல்லிவிட்டார். என்னிடம் காப்பி போடச் சொன்னார். போட்டேன். கொண்டுபோய்க் கொடு என்றார். மாட்டேன் என்றேன். அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். ஒரு மனுஷனை நான் வெறுப்பதென்றால் ஒழுங்காக வெறுப்பேன்.

அபிராமி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். முந்தின நாள் மண்டபத்தில் அவள் காதில் மாட்டியிருந்ததை எப்போது கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

"நீ ஏன் அந்தப் பாட்ட மாத்தின?"

என் மகளுக்கு 'நீங்க' வராது. நான் ஒருத்திதான் அவளோடு தமிழ் பேசுவேன், என்னை அவள் நீ என்பாள். அவளுக்குத் தமிழில் எல்லோரும் நீதான். சிதம்பரத்தில் மாமாவைத் தவிர யாரும் கலியபெருமாளை முதலாளி என்று சொல்லாமல் கூப்பிட்டதில்லை. பதின்மூன்று வயதுப் பெண் நேராக நின்று நீ என்றாள். ஓடிப்போய் அவளை அதட்டியிருக்க வேண்டும். நான் நகரவில்லை.

அவர் டம்ளரை வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம் பாப்பா" என்றார். "அப்ப ஊருக்குப் பயந்தேன். இப்ப மாத்தியாச்சும் பாடிடலாமேன்னு பாத்தேன். அண்ணன் முன்னாடி நிக்கவும் பயம்தான் எனக்கு. அதனாலதான் வரல."

ஒரு ரயில் போனது. அத்தைதான் பேசினார்.

"அடுத்த வருஷமும் கூட்டம் போடுவியா?"

"போடறேன் அண்ணி."

"அந்தப் பாட்டு முழுசா வரணும். ஒரு எழுத்து மாறக் கூடாது. மைக்க எவனும் புடுங்கக் கூடாது. சம்மதம்னா காப்பிய குடி. இல்லன்னா வச்சிட்டுப் போ."

அவர் சொன்னதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்தவர்களுக்கெல்லாம் நான் காப்பி கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அவர் குடித்தார், கடைசிச் சொட்டுவரை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அத்தையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த டம்ளரை நான்தான் கழுவ வேண்டியிருந்தது. அதிலும் எனக்குக் கோபம்தான்.